காசநோய் குணமான பின்னும் சளி ஏன் நிற்பதில்லை?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் எனச் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளிலிருந்து எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வருவோரில் ஒரு சாரார், கையில் பழைய எக்ஸ்ரே உறையோடு வருகின்றனர். ஐந்து, பத்து, சிலர் இருபது ஆண்டுகளுக்கு முன்பு நுரையீரல் காசநோய்க்கு முறையாக மருந்து உட்கொண்டு குணமடைந்தவர்கள். நோய் போயிற்று, இருமல் போகவில்லை. காலையில் எழுந்ததும் சளி வருகிறது. மழைக்காலத்தில் அதன் நிறம் மாறுகிறது, காய்ச்சலும் சேர்ந்துகொள்கிறது. "ஒரு நாள்கூட விடாம மாத்திரை சாப்பிட்டேனே டாக்டர், மறுபடியும் அதுவேதானா?" என்பது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோ சற்றுத் தயங்கி இரண்டாவது கேள்வியைக் கேட்கின்றனர்: "வீட்ல சின்னக் குழந்தை இருக்கு. ஒட்டிக்குமா?"

இவர்களில் பலருக்கு இரு கேள்விகளுக்கும் விடை "இல்லை" என்பதே. எனினும் அந்த விடையைச் சளிச் சோதனை செய்யாமல் எங்களாலும் சொல்ல இயலாது. காசநோய் திரும்பாதபோதும் சளி ஏன் வருகிறது, அதில் கிருமிகளின் பங்கு எவ்வளவு, நம் உடலின் பங்கு எவ்வளவு என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இதைப் புரிந்துகொண்டவர்கள் தேவையற்ற அச்சத்தையும் தேவையற்ற மருந்தையும் தவிர்க்கின்றனர் என்பது எங்கள் அனுபவம்.

தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் வழி

ஒரு நாளில் நாம் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். அதனுடன் தூசியும் புகையும் நுண்ணுயிரிகளும் உள்ளே செல்கின்றன. பெருங்குழலாகத் தொடங்கும் காற்றுவழி, மரக்கிளைபோல் இருபது தடவைக்கும் மேலாகப் பிரிந்து காற்று நுண்ணறைகளில் முடிகிறது. இந்தக் கிளைகளின் உட்புறம் முழுவதும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்வின் செல்களில் பெரும்பாலானவற்றின் தலைப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உள்ளன. ஒரு செல்லுக்குச் சுமார் 200 இழைகள் இருக்கும். அவை ஒரு நொடிக்குப் பத்து முறைக்கும் மேலாக ஒரே திசையில் அசைகின்றன.

இழைகளின் மேல் மெல்லிய சளிப்படலம் மிதக்கிறது. உள்ளே வந்த தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ள, இழைகள் அப்படலத்தைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளுகின்றன. அங்கு வந்து சேரும் சளியை நாம் அறியாமலேயே விழுங்கிவிடுகிறோம். இரைப்பையின் அமிலம் எஞ்சியதைப் பார்த்துக்கொள்கிறது. ஆகவே சளி என்பது நோயன்று. அளவாகவும் நீர்த்தன்மையோடும் இருந்து, தேங்காமல் நகர்ந்துகொண்டிருக்கும் வரை அதுவே நுரையீரலின் முதற்காவல்.

கிருமி தங்குவதெல்லாம் நோயாகாது

நுரையீரலில் கிருமியே இராது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நலமாக உள்ளவரின் நுரையீரலிலும் சிறிய எண்ணிக்கையில் நுண்ணுயிரிகள் வந்து போய்க்கொண்டே இருக்கின்றன என்பதை இன்று அறிவோம். உறங்கும்போது வாயிலிருந்து துளித்துளியாகக் கசியும் உமிழ்நீர் வழியாகவும் அவை உள்ளே செல்கின்றன. சென்றவற்றைச் சளிப்படலம் வெளியே தள்ளிவிடுகிறது.

மூக்கின் பின்புறத்திலும் தொண்டையிலும் அவை நிலையாகவே குடியிருக்கக் கூடும். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கைக்குழந்தைகளை ஆராய்ந்தபோது, இரண்டு மாத வயதிலேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளின் மூக்குத் தொண்டைப் பகுதியில் நியூமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா இருந்தது தெரியவந்தது. நிமோனியாவுக்குக் காரணமாகும் பாக்டீரியாதான் அது. ஆயினும் அக்குழந்தைகளில் பெரும்பாலோர் நோயுற்றிருக்கவில்லை. கிருமி உடலில் ஓரிடத்தில் தங்கிப் பெருகியும் நோயை உண்டாக்காமல் இருக்கும் இந்நிலையை "குடியேற்றம்" என்கிறோம். சளிச் சோதனை அறிக்கையில் ஒரு கிருமியின் பெயர் இருந்தாலே ஆபத்து என்று பதற வேண்டாம் என நாங்கள் கூறுவது இதனால்தான்.

குடியேற்றம் எப்போது நோயாக மாறும்? கிருமியின் எண்ணிக்கை கூடும்போதும், அது சவ்வை ஊடுருவும்போதும், புதிய இனக் கிருமி ஒன்று வந்து சேரும்போதும் அது நிகழலாம். இவை எல்லாவற்றையும் கவனித்து முடிவெடுப்பது நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம்.

சவ்வு எவ்வாறு அறிகிறது?

சுவாசக் குழாயின் சவ்வு வெறும் போர்வை அன்று. அது ஒரு காவல் உறுப்பு. அதன் செல்களில் கிருமிகளை இனங்காணும் உணர்விகள் பல உள்ளன. அவற்றுள் முக்கியமானவை "டோல் போன்ற உணர்விகள்" எனப்படுபவை. பழ ஈயின் உடலில் டோல் என்னும் மரபணு பூஞ்சைத் தொற்றிலிருந்து அதைக் காக்கிறது என்று 1996-இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் கண்டறிந்தனர். பாலூட்டிகளிலும் அத்தகைய உணர்வி இருந்து பாக்டீரியாவின் புறச்சுவர்ப் பொருளை உணர்கிறது என்று 1998-இல் புரூஸ் பியூட்லர் குழுவினர் காட்டினர். இவ்விருவருக்கும் 2011-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த உணர்விகள் ஒவ்வொரு கிருமியையும் பெயர் சொல்லி அறிவதில்லை. பாக்டீரியாக்களுக்குப் பொதுவாக உள்ள, மனித உடலில் இல்லாத சில பொருள்களை அறிகின்றன. ஓர் உணர்வி பாக்டீரியாவின் புறச்சுவரிலுள்ள கொழுப்புச் சர்க்கரையை அறியும். மற்றொன்று அது நீந்தப் பயன்படுத்தும் வாலின் புரதத்தை அறியும். கிருமிகள் குறைவாக இருந்து, சளிப்படலத்தோடு நகர்ந்து சென்றுவிட்டால் சவ்வு பொறுமை காக்கிறது. அவை பெருகிச் செல்லைத் தொட்டுவிட்டால் எச்சரிக்கை எழுகிறது. அடுத்த சில மணி நேரத்தில் சவ்வின் செல்கள் சில வேதித் தூதுகளை வெளியிடுகின்றன. இன்டர்லூக்கின் 8 அவற்றுள் ஒன்று. அது இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களை அவ்விடத்துக்கு அழைக்கிறது.

இதே வேளையில், கிருமியின் துணுக்குகளைச் சில செல்கள் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் செல்கின்றன. அங்கு அந்தக் குறிப்பிட்ட கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் டி செல்களும் உருவாகின்றன. இதற்குச் சில நாள்கள் தேவை. தடுப்பூசி இந்தக் காலதாமதத்தையே குறைக்கிறது: கிருமி வருவதற்கு முன்பே அதன் அடையாளத்தை உடலுக்குக் கற்பித்துவிடுகிறது. நியூமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி 2021 ஜூலை முதல் தமிழ்நாட்டில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது; பிறந்து 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணைகள்.

காப்பவரே சேதமும் செய்வது எப்படி?

அழைப்பைக் கேட்டு முதலில் வந்து சேர்பவை நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள். நம் எலும்பு மச்சை ஒரு நாளில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. அவை கிருமியை விழுங்கிக் கொல்கின்றன. விழுங்க முடியாதவற்றின் மீது கடுமையான நொதிகளைக் கொட்டுகின்றன. சில வேளைகளில் தம் டி.என்.ஏ. இழைகளையே வலைபோல் விரித்துக் கிருமியைச் சிக்கவைக்கின்றன.

நீங்கள் வீட்டில் காணும் மாற்றங்களுக்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது. சளி பச்சையாவதற்குக் காரணம் நியூட்ரோஃபில்களில் உள்ள பச்சை நிற நொதி. சளி கெட்டியாகி நூல்போல் இழுபடுவதற்கு ஒரு காரணம், இறந்த வெள்ளணுக்களிலிருந்து வெளிப்பட்ட டி.என்.ஏ. ஆக, கோப்பையில் விழும் பச்சைச் சளியில் கிருமிகள் மட்டும் இல்லை. அவற்றை எதிர்த்து மடிந்த நம் சொந்த அணுக்களும் திரளாக உள்ளன.

சில நாள்களில் கிருமி ஒழிந்துவிட்டால் நன்று. வெள்ளணுக்கள் மடிந்து, பெருவிழுங்கு செல்கள் அவற்றை அப்புறப்படுத்த, சவ்வு பழைய நிலைக்குத் திரும்பும். கிருமி ஒழியாமல் அங்கேயே தங்கிவிட்டால் அழைப்பும் நிற்பதில்லை. வெள்ளணுக்களின் வரவும் நிற்பதில்லை. அவை கொட்டும் எலாஸ்டேஸ் என்னும் நொதிக்குக் கிருமி எது, நம் திசு எது என்ற வேறுபாடு தெரியாது. அந்நொதியைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் உடலில் உண்டு. ஆனால் அளவு மீறும்போது அவை போதுவதில்லை. எலாஸ்டேஸ் குழாய்ச் சுவரின் மீள்தன்மையுள்ள இழைகளை அரிக்கிறது. நுண்ணிழைகளின் அசைவைத் தளர்த்துகிறது. சளிச் சுரப்பை மேலும் தூண்டுகிறது. கிருமியைப் பற்ற உதவும் எதிர்ப்பொருள்களையும் வெட்டிவிடுகிறது.

இதன் விளைவு என்ன? துடைக்கும் ஆற்றல் குறைந்த இடத்தில் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி பெருகுகிறது. பெருகிய கிருமி மேலும் வெள்ளணுக்களை அழைக்கிறது. அவை குழாயை மேலும் சேதப்படுத்துகின்றன. இலண்டனைச் சேர்ந்த நெஞ்சக மருத்துவர் பீட்டர் கோல் 1986-இல் இதை ஒரு தீய சுழற்சி என்று விவரித்தார். இன்றைய சிகிச்சை முறைகள் பலவும் இச்சுழற்சியை எந்த இடத்தில் அறுப்பது என்ற கேள்வியிலிருந்தே எழுந்தவை.

காசநோய் விட்டுச் செல்லும் தழும்பு

காசநோய்க் கிருமி மேலே சொன்ன குடியேறிகளைப் போன்றதன்று. அது சவ்வின் மேல் தங்குவதில்லை. நுண்ணறைகளுக்குள் சென்று, தன்னை விழுங்க வந்த பெருவிழுங்கு செல்லுக்குள்ளேயே வாழ்கிறது. உடல் அதைச் சுற்றிச் செல்களால் அரண் எழுப்புகிறது. மருந்தால் கிருமி மடிந்த பிறகு அவ்விடம் தழும்பாகி ஆறுகிறது. தழும்பு சுருங்கும்போது அருகிலுள்ள சுவாசக் குழாயின் சுவரை நாற்புறமும் இழுக்கிறது. நோயின்போதே பலவீனமடைந்த சுவர் விரிந்து அகன்றுவிடுகிறது. பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. இதுவே மூச்சுக்குழாய் விரிவு. உங்கள் சி.டி. ஸ்கேன் அறிக்கையில் "பிராங்கியெக்டாசிஸ்" என்று எழுதப்பட்டிருப்பது இதைத்தான். ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1819-ஆம் ஆண்டிலேயே இந்நோயை விவரித்துள்ளார்.

அம்பத்தூர், கொரட்டூர் ஏரிக்கரைப் பகுதிகளில் வாழ்வோருக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். கால்வாய் ஒழுங்காக இருக்கும் வரை மழைநீர் ஓடிவிடும். ஓரிடத்தில் கரை சரிந்து பள்ளமாகிவிட்டால் மழை நின்ற பின்னும் நீர் அங்கேயே நிற்கும். விரிந்த குழாயிலும் சளி அவ்வாறே நிற்கிறது. அங்கு ஹீமோஃபிலஸ், நியூமோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. மேற்சொன்ன சுழற்சி தொடங்கிவிடுகிறது.

இவற்றுள் சூடோமோனாஸ் தனிக் கவனத்துக்குரியது. நெடுங்காலம் தங்கும்போது அது தன் நீந்தும் வாலை இழந்துவிடுகிறது. அதனால் அந்த வாலை அறியும் உணர்வியிடமிருந்து தப்பிக்கிறது. தன்னைச் சுற்றிக் கொழகொழப்பான ஒரு படலத்தையும் கட்டிக்கொள்கிறது. வெள்ளணுக்களும் மருந்தும் அந்தப் படலத்தை எளிதில் ஊடுருவ முடிவதில்லை. எட்டாத கிருமியை நோக்கி உடல் தன் நொதிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அடி விழுவதெல்லாம் சுற்றியுள்ள திசுவின் மேல்.

இந்தியாவில் இது அரிய நோயன்று. நாட்டின் 31 மருத்துவ மையங்களில் மூச்சுக்குழாய் விரிவு கொண்ட 2,195 பேரின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. அவர்களில் 780 பேருக்கு, அதாவது 35.5 விழுக்காட்டினருக்கு, முன்பு வந்த காசநோயே காரணமாக இருந்தது. காரணங்களில் அதுவே முதலிடம். சளியில் மிகுதியாகக் காணப்பட்ட பாக்டீரியா சூடோமோனாஸ், 13.7 விழுக்காட்டினரிடம் அது இருந்தது.

இம்மண் உலகுக்குக் கற்பித்தவை

காசநோயைப் பற்றியும் உடலின் எதிர்ப்பைப் பற்றியும் உலகம் அறிந்தவற்றில் இரண்டு பாடங்கள் சென்னையிலும் அதன் மேற்கே உள்ள சிற்றூர்களிலும் கற்றவை. இரண்டும் நம் நோயாளிகளின் கேள்விகளோடு தொடர்புடையவை.

முதலாவது, குடும்பத்தாரின் கேள்விக்கான விடை. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது அதுவே. அக்காலத்தில் காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, சானடோரியத்தில் ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. இம்மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவர்களுடைய நெருக்கடி மிகுந்த வீடுகளிலேயும் ஒரே மருந்துகளை அளித்தது. 1959-இல் வெளியான முடிவுகளின்படி, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாகக் காசநோய் வரவில்லை என்பதும் தொடர்ந்த கண்காணிப்பில் தெளிவாயிற்று. மருந்தைத் தொடங்கி முறையாக உட்கொள்வதே குடும்பத்துக்கான முதற்பாதுகாப்பு. நோயாளியை ஒதுக்கிவைப்பது அன்று.

இரண்டாவது, நோய் எதிர்ப்பு எவ்வளவு நுட்பமானது என்ற பாடம். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களில், பி.சி.ஜி. தடுப்பூசிக்கான பேராய்வு தொடங்கியது. ஏறத்தாழ 3,60,000 பேர் வாழ்ந்த அப்பகுதியில் 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டு, 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவினங்களான பாக்டீரியாக்களை இப்பகுதி மக்களின் உடல் முன்பே சந்தித்துப் பழகியிருந்தது இதற்கு ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். நாம் அன்றாடம் சந்திக்கும் தீங்கற்ற நுண்ணுயிரிகளும் நம் எதிர்ப்பாற்றலை மாற்றி அமைக்கக் கூடும் என்பது இதன் பொருள். இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்குப் பி.சி.ஜி. வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மூளையுறையைத் தாக்கும் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது குழந்தைகளைக் காக்கிறது. பிறந்தவுடன் போட வேண்டிய ஊசி அது.

மருந்துக் கடைக்கு முன் சோதனைச் சாலை

சளி நிறம் மாறியதும் பலர் நேரே மருந்துக் கடைக்குச் செல்கின்றனர். சென்ற முறை எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி ஐந்து நாள்களுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிவிடுகின்றனர். இதைத் தவிர்க்குமாறு வற்புறுத்துகிறோம். காரணங்கள் மூன்று.

முதலாவது, விரிந்த குழாயில் உள்ள கிருமி எது என்று தெரியாமல் உட்கொள்ளும் மருந்து அதை எட்டாமல் போகலாம். அரைகுறையாக அடிபட்ட கிருமிகளில் மருந்தை எதிர்க்கும் இனம் மிஞ்சும்.

இரண்டாவது, லெவோஃப்ளாக்சசின் போன்ற சில மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் ஆற்றல் உள்ளவை. உண்மையிலேயே காசநோய் திரும்பியிருந்தால், இம்மருந்து அதைச் சில வாரங்களுக்கு மறைத்துவிடும். கண்டறிவது தாமதமாகும், கிருமிக்கு மருந்தெதிர்ப்பு உண்டாகவும் கூடும்.

மூன்றாவது, சிலர் பழைய சீட்டிலுள்ள ஸ்டீராய்டு மாத்திரையையும் சேர்த்து வாங்குகின்றனர். அது அழற்சியைத் தணித்துச் சில நாள்கள் சுகம் தரும். ஆனால் கிருமியை எதிர்க்கும் ஆற்றலையும் தளர்த்திவிடும்.

சோதனைக்கு அதிகாலைச் சளியே சிறந்தது. வெறும் நீரால் வாயைக் கொப்பளித்து, ஆழ்ந்து மூச்செடுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியைச் சோதனைச் சாலை தரும் மூடியுள்ள புட்டியில் சேகரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஒப்படையுங்கள். உமிழ்நீர் பயன்படாது. அதில் காசநோய்க்கான சோதனையும் பிற பாக்டீரியாக்களுக்கான வளர்ப்புச் சோதனையும் செய்வோம்.

முன்பு காசநோய் வந்தவர்கள் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சிபிநாட் எனப்படும் மரபணுச் சோதனை, இறந்த காசநோய்க் கிருமியின் எச்சத்தையும் சில வேளை காட்டிவிடும். நுண்ணோக்கியில் தெரியும் கிருமி, மண்ணிலும் நீரிலும் வாழும் உறவினமாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு சோதனையின் முடிவை மட்டும் கண்டு மனமுடைய வேண்டாம். வளர்ப்புச் சோதனையில் உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்த்த பின்னரே உறுதி செய்வோம். காசநோய்க்கான சோதனையும் மருந்தும் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிகிச்சை முடிந்தவர்கள் 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் மீள்பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பதும் தேசியத் திட்டத்தின் நெறிமுறை.

சுழற்சியை வீட்டிலேயே அறுக்கலாம்

விரிந்த குழாயைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. அங்குள்ள கிருமிகளை முற்றாக ஒழிப்பதும் பெரும்பாலும் இயலாது. ஆனால் சளியைத் தேங்கவிடாமல் அன்றாடம் வெளியேற்றினால் கிருமியின் எண்ணிக்கை குறையும்; உடலின் சீற்றமும் தணியும். இம்முயற்சியில் நோயாளியின் பங்கே பெரிது.

எங்கள் இயன்முறை மருத்துவர்கள் கற்றுத்தரும் மூச்சுப் பயிற்சியின் சாரம் இது: நிமிர்ந்து அமர்ந்து சில முறை இயல்பாக மூச்சுவிடுங்கள். பின் மூன்று நான்கு முறை ஆழ்ந்து இழுத்து, இரண்டு மூன்று நொடி நிறுத்தி, மெல்ல விடுங்கள். அதன் பின் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படியச் செய்வதுபோல் "ஹா" என்று காற்றை வேகமாக வெளியேற்றுங்கள். சளி மேலே வந்ததும் இருமித் துப்புங்கள். காலையும் மாலையும் உணவுக்கு முன் 10 முதல் 15 நிமிடம் இதைச் செய்தால் போதும். நுரையீரலின் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து எப்படிச் சாய்ந்து படுக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தருவோம். சளியில் இரத்தம் வரும் நாள்களில் பயிற்சியை நிறுத்திவிட்டு எங்களிடம் கேளுங்கள்.

சளி மிகக் கெட்டியாக இருப்பவர்களுக்கு உப்புநீரை நெபுலைசர் வழியாகச் செலுத்தச் சொல்வோம். அடிக்கடி நோய் முற்றுபவர்களில் சிலருக்கு அசித்ரோமைசின் மாத்திரையைக் குறைந்த அளவில் வாரத்தில் மூன்று நாள் எனப் பல மாதங்களுக்கு எழுதுவதும் உண்டு. அதன் நோக்கம் கிருமியைக் கொல்வது மட்டுமன்று. வெள்ளணுக்களின் சீற்றத்தைத் தணிப்பதும் ஆகும். இதயத் துடிப்பையும் சளியையும் சோதித்த பின்னரே அதைத் தொடங்குவோம். தாமாகத் தொடங்கக் கூடாது.

புகை நுண்ணிழைகளின் அசைவைக் குறைக்கிறது. ஆகவே பீடி, சிகரெட் கூடாது. வீட்டில் மற்றவர் புகைப்பதும் கூடாது. கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை நல்லது. போகியன்று டயரும் பழம்பொருளும் எரியும் புகையில் நிற்காமல், அதிகாலையில் கதவு சன்னல்களை மூடி உள்ளேயே இருங்கள். தொழிற்சாலையில் தூசியிடையே வேலை செய்பவர்கள் தகுந்த முகக்கவசம் அணியுங்கள். ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசியும், மருத்துவர் கூறும் முறையில் நியூமோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக நீர் அருந்துங்கள். எடை குறையாதபடி முட்டை, பருப்பு, சுண்டல், மீன் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது வர வேண்டும்?

உங்கள் சளியின் வழக்கமான அளவும் நிறமும் உங்களுக்கே தெரியும். அதிலிருந்து ஏற்படும் மாற்றமே முக்கியம். இருமல் கூடுதல், சளியின் அளவோ கெட்டித்தன்மையோ மாறுதல், நிறம் பச்சையாதல், மூச்சுத்திணறல் மிகுதல், சோர்வு, சளியில் இரத்தக் கீற்று ஆகியவற்றில் மூன்றோ அதற்கு மேலோ இரண்டு நாள்களுக்கு நீடித்தால் உடனே வாருங்கள். அந்நிலையில் சளியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பெரும்பாலும் 14 நாள்களுக்கு மருந்து அளிப்போம். மூன்றாம் நாளே சுகம் தெரிந்தாலும் மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.

இரத்தம் கீற்றாக இல்லாமல் சில தேக்கரண்டி அளவுக்கு வந்தாலோ, பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நோயாளி குழப்பமாகப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். இரத்தம் வரும்போது எந்தப் பக்க நுரையீரல் பாதிக்கப்பட்டுள்ளது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

வீட்டில் குழந்தைகளுக்குத் தொற்றுமா என்ற கேள்விக்கு மீண்டும் வருகிறோம். காசநோய்க்கான சோதனைகளில் கிருமி இல்லை என்று உறுதியானால், விரிந்த குழாயில் தங்கியுள்ள பாக்டீரியாக்களால் நலமாக உள்ள குடும்பத்தாருக்குப் பொதுவாக ஆபத்து இல்லை. பேரக்குழந்தையைத் தூக்கலாம், ஒன்றாக அமர்ந்து உண்ணலாம், தனித் தட்டும் தனி அறையும் தேவையில்லை. சோதனை முடிவு வரும் வரை இருமும்போது வாயை மூடிக்கொள்வதும், சளியை மூடியுள்ள பாத்திரத்தில் துப்புவதும், அறையின் சன்னலைத் திறந்துவைப்பதும் போதும்.

அடுத்த முறை வரும்போது பழைய எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் படங்கள், காசநோய் சிகிச்சை அட்டை, இதுவரை உட்கொண்ட ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றைத் தவறாமல் கொண்டுவாருங்கள். பழைய படத்தைப் புதியதன் அருகே வைத்துப் பார்க்கும்போதுதான், உங்கள் நெஞ்சில் இருப்பது ஆறிய தழும்பா, புதிய நோயா என்பதை எங்களால் பிரித்தறிய முடியும்.